சுண்ணாம்புச் சத்து உடலில் சேர்வதும் பெப்டைடு மாவு விற்பனையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த எலும்பு நலம் பற்றிய கட்டுரையையும், அதே பக்கத்தின் அடியில் கால்பக்க அளவில் இடம்பெற்றிருந்த ‘பெப்டைடு கால்சியம்’ மாவு விளம்பரத்தையும் ஒருசேரப் படித்தேன். எந்த உணவில் எத்தனை மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்ற பட்டியலைக் கட்டுரை தந்திருந்தது. உண்ணும் கால்சியத்தின் பெரும்பகுதி உடலில் சேராமல் கழிந்துபோகிறது என்றும், அதைச் சேர்க்கவல்லது அந்த மாவிலுள்ள பெப்டைடு ஒன்றே என்றும் விளம்பரம் கூறியது. கட்டுரை சொல்லாமல் விட்ட இடத்தை விளம்பரம் பிடித்துக்கொண்டது என்பதே என் வருத்தம். உணவில் இருக்கும் கால்சியம் வேறு, குடலைக் கடந்து இரத்தத்தில் சேரும் கால்சியம் வேறு என்பது உண்மை. பாலிலிருந்து பிறக்கும் சில பெப்டைடுகள், அதாவது புரதத்தின் சிறு துண்டுகள், அந்தச் சேர்க்கைக்குத் துணை செய்கின்றன என்பதும் உண்மை. அந்த உண்மை எதுவரை செல்லும் என்பதைத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உசிலம்பட்டி வட்டாரத்து மேல்நிலைப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைச் சொல்ல முயல்கிறேன். கடிதம் சற்று நீண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என்னை எழுதத் தூண்டியது விளம்பரம் மட்டுமன்று. அறுபத்தெட்டு வயதான என் மூத்த சகோதரி, சென்ற ஆண்டு வாசல் தெளிக்கும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது என்று கூறி, கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்தார். சில மாதங்கள் கழித்து நான் ஊருக்குச் சென்றபோது மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தன. அவற்றின் அருகில் 1,850 ரூபாய் விலையுள்ள ஒரு டின் இருந்தது. மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவர் அதைக் கொடுத்திருக்கிறார். “மாத்திரையெல்லாம் உடம்புல ஒட்டாதாம் தம்பி, இந்த மாவை கேப்பைக் கஞ்சியில கலக்கிக் குடிச்சாப் போதும்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு” என்றார் அக்கா. அந்தப் பணத்துக்கு எங்கள் வீட்டில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பால் வாங்கிவிடலாம். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான்கு மாதங்கள் மருந்து நின்றுபோனதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

பெப்டைடு என்பது அச்சம் தரும் பொருளோ அதிசயப் பொருளோ அன்று. அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட நீண்ட சரமே புரதம். மல்லிகைச் சரத்தைப் பூக்கடையில் முழக்கணக்கில் அறுத்துக் கொடுப்பதுபோல, வயிற்றிலுள்ள பெப்சின், கணையத்திலிருந்து வரும் ட்ரிப்சின் ஆகிய செரிமான நொதிகள் இந்தச் சரத்தைக் குறிப்பிட்ட இடங்களில் அறுக்கின்றன. அவ்வாறு விழும் துண்டுகளே பெப்டைடுகள். புரதம் கலந்த எந்த உணவை உண்டாலும் நம் குடலில் அவை நாள்தோறும் உண்டாகின்றன.

பாலின் புரதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு கேசீன். இந்தக் கேசீன் சரத்தின் சில இடங்களில், செரின் என்னும் அமினோ அமிலம் பாஸ்பேட்டைச் சுமந்தபடி மூன்று மூன்றாக அடுத்தடுத்து நிற்கிறது. அவற்றை ஒட்டிக் குளூட்டாமிக் அமிலம் இரண்டு நிற்கின்றன. எதிர்மின்னூட்டம் மிகுந்த இந்தக் கொத்தை நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம் அயனி விரும்பிப் பற்றுகிறது. அதே மின்னூட்டத்தால், செரிமான நொதிகள் இந்தக் கொத்தை மேலும் நறுக்குவதற்குத் தடுமாறுகின்றன. எனவே புரதத்தின் மற்றப் பகுதிகள் சிதைந்த பின்னும் இந்தத் துண்டுகள் குடலில் நெடுந்தொலைவு தாக்குப்பிடிக்கின்றன. இவற்றுக்குக் கேசீன் பாஸ்போபெப்டைடு என்று பெயர். 1950-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் மெலாண்டர், எலும்பு மென்மையாகும் ரிக்கெட்ஸ் நோயுள்ள குழந்தைகளிடம், வைட்டமின் டி-யின் துணையின்றியும் இவை எலும்பில் சுண்ணாம்பு படிவதற்கு உதவுகின்றன என்று எழுதினார். அன்று தொடங்கிய ஆய்வு இன்னும் முடியவில்லை.

இவை செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் போதும். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் வெள்ளைப் படிவு இல்லாத வெந்நீர்ப் பாத்திரம் அரிது. நீரில் கரைந்திருந்த கால்சியம், சூழ்நிலை மாறியதும் கரையாத உப்பாகி அடியில் இறங்கிவிடுகிறது. நம் வயிற்றிலும் இதுவே நிகழ்கிறது. இரைப்பையின் அமிலத்தில் கால்சியம் நன்கு கரைகிறது. சிறுகுடலுக்குள் நுழைந்ததும் கணைய நீர் அந்த அமிலத்தை நடுநிலையாக்குகிறது. அங்கே பாஸ்பேட்டைச் சந்திக்கும் கால்சியம் கால்சியம் பாஸ்பேட்டாகக் கரையாமல் படியத் தலைப்படுகிறது. படிந்துபோன கால்சியத்தால் குடல் சுவரைக் கடக்க இயலாது. சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் வைட்டமின் டி-யின் ஆணைப்படி கால்சியத்தை ஏற்றிச் செல்லும் அமைப்பு உண்டு. ஆனால் உணவு அந்தப் பகுதியை விரைவில் கடந்துவிடுகிறது. அதற்கு அப்பாலுள்ள நீண்ட குடலில், செல்களின் இடைவெளி வழியே மெல்லக் கசிந்துதான் மீதிக் கால்சியம் சேர வேண்டும். அவ்வளவு தொலைவுக்கும் அதைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்திருப்பதுதான் இந்தப் பெப்டைடுகளின் வேலை. பால் அருந்தியவர்களின் சிறுகுடல் நீரில் இந்தப் பெப்டைடுகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் அருந்தியது பால்; டின்னில் அடைத்த மாவன்று.

ஆய்வுக்கூடக் குழாயிலும் எலிகளிடமும் கிடைத்த நல்ல முடிவுகள் மனிதரிடம் அதே உறுதியோடு கிடைக்கவில்லை. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஹீனியும் ஜப்பானிய ஆய்வாளர்களும் மாதவிடாய் நின்ற பெண்களிடம் செய்த ஆய்வில், இயல்பிலேயே கால்சியத்தைக் குறைவாக உறிஞ்சும் பெண்களிடம்தான் பயன் தென்பட்டது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பெப்டைடு கூடுதலாகச் சேர்த்த பாலிலிருந்து உடலில் சேர்ந்த கால்சியம் சாதாரணப் பாலிலிருந்து சேர்ந்ததைவிடக் கூடவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. பாலில் ஏற்கெனவே 100 மில்லிலிட்டருக்கு இரண்டரை கிராமுக்குக் குறையாத கேசீன் இருக்கும்போது, அதன் துண்டுகளையே கொஞ்சம் மேலே தூவுவதால் என்ன பெரிய மாற்றம் வந்துவிடும்? இருநூறு மில்லிலிட்டர் கொள்ளும் டம்ளரில் நாளுக்கு இரண்டு டம்ளர் பால் அருந்துபவர் 10 கிராம் கேசீனை உட்கொள்கிறார். கூடவே ஏறக்குறைய 480 மில்லிகிராம் கால்சியத்தையும் பெறுகிறார். பெப்டைடை உருவாக்கும் ஆலை அவர் வயிற்றிலேயே கூலியின்றி இயங்குகிறது.

அக்காவுக்குச் சொல்லப்பட்ட கேப்பைக் கஞ்சி யோசனையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கேப்பை என்று நாங்கள் சொல்லும் கேழ்வரகில், ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பாலைவிட மும்மடங்கு என்று பெருமையாகப் பேசுகிறோம். தங்கள் கட்டுரையும் அவ்வாறே கூறியது. ஆனால் முழுத் தானியங்களின் தவிட்டுப் பகுதியில் ஃபைட்டிக் அமிலம் மிகுதி. அது கால்சியத்தைக் குடலில் இறுகப் பற்றிக்கொண்டு கழிவோடு வெளியேறிவிடும். டென்மார்க் ஆய்வாளர்கள் 1997-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அரிசியில் செய்த குழந்தை உணவில் கேசீன் பாஸ்போபெப்டைடைச் சேர்த்தபோது கால்சியமும் துத்தநாகமும் கூடுதலாக உடலில் சேர்ந்தன; ஃபைட்டிக் அமிலம் மிகுந்த முழுத் தானியக் குழந்தை உணவில் அதே பெப்டைடைச் சேர்த்தபோது பயன் கிடைக்கவில்லை. அப்படியானால், தவிடு நீக்காத கேப்பை மாவில் காய்ச்சிய கஞ்சியில் அந்த விலையுயர்ந்த மாவைக் கலக்கச் சொன்னது, அந்த மாவு மிகக் குறைவாகப் பயன்படக்கூடிய இடத்தில் அதைக் கொட்டச் சொன்னதற்கு ஒப்பாகும். விற்றவருக்கு இது தெரிந்திருக்காது. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேப்பையைக் கைவிடச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அதன் ஃபைட்டிக் அமிலத்தைக் குறைக்கும் வழியை நம் வீட்டுப் பெண்கள் பெயர் தெரியாமலே கையாண்டு வந்திருக்கிறார்கள். தானியத்தை ஊறவைத்து முளைகட்டும்போது, அதிலுள்ள ஃபைட்டேஸ் என்னும் நொதி விழித்தெழுந்து அந்த அமிலத்தைச் சிதைக்கத் தொடங்குகிறது. மாவைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்கவைத்து மறுநாள் காய்ச்சும் கூழிலும் இதே சிதைவு நடக்கிறது. அந்தக் கூழில் மோரை ஊற்றிக் கரைத்துக் குடிக்கும் வழக்கத்தால் கேசீனும் கூடவே வந்துசேர்கிறது. இன்று அவசரத்துக்கு மாவைப் பாக்கெட்டிலிருந்து கொட்டி ஐந்து நிமிடத்தில் காய்ச்சி இறக்கும் கஞ்சியும், நேற்றைய புளித்த கூழும் கால்சியக் கணக்கில் ஒன்றல்ல. மருத்துவப் பக்கங்களில் ‘கேழ்வரகு உண்ணுங்கள்’ என்று மட்டும் எழுதாமல் இதையும் சேர்த்து எழுதினால் நன்று.

தயிரைப் பற்றியும் ஒரு சொல். பால் புளித்துத் தயிராகும்போது, கேசீன் உருண்டைகளுக்குள் ஒட்டியிருந்த கால்சியத்தின் பெரும்பகுதி அமிலத்தில் கரைந்து நீர்ப்பகுதிக்கு வந்துவிடுகிறது. தயிரின் மேல் நிற்கும் தெளிந்த நீரைப் புளிப்பு என்று இறுத்துக் கொட்டிவிடுவோர் உண்டு. அவர்கள் கொட்டுவது கால்சியத்தை. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று ஒதுக்கும் முதியவர்கள் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன.

கீரைகளில் எல்லாக் கீரையும் ஒன்றன்று. பாலக்கீரையில் கால்சியம் இருந்தும் அதே கீரையிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் அதைப் பிடித்துவைத்திருப்பதால், ஹீனியின் 1988-ஆம் ஆண்டு ஆய்வில் அதிலிருந்து ஏறக்குறைய 5 விழுக்காடு மட்டுமே உடலில் சேர்ந்தது. பாலிலிருந்து 28 விழுக்காட்டை ஒட்டிச் சேர்ந்தது. பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் நிற்கும் இரு எண்களுக்கு இடையில் இவ்வளவு தொலைவு இருக்கிறது.

அசைவம் உண்போர்க்கு நம் பகுதியிலேயே ஒரு நல்ல வழி இருப்பதை எவரும் சொல்லக் காணோம். கண்மாய் மீன்களில் அயிரை மீனைத் தலையும் முள்ளுமாக முழுதாகவே குழம்பு வைத்து உண்கிறோம். கடல் மீனில் நெத்திலியும் அவ்வாறே. வங்கதேசத்தில் முள்ளோடு உண்ணப்படும் சிறு நன்னீர் மீன்களை வைத்துச் செய்த ஆய்வில், அவற்றிலிருந்து உடலில் சேர்ந்த கால்சியத்தின் பங்கு பாலிலிருந்து சேர்ந்ததற்கு ஏறக்குறைய இணையாக இருந்தது. சிறு மீன்களின் ஊட்டத்தை உலகறியச் செய்த சகுந்தலா தில்ஸ்டெட் 2021-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றார். மீன் எலும்பிலிருந்தும் பாஸ்பேட் கொண்ட பெப்டைடுகளைப் பிரித்தெடுத்துத் தென் கொரிய ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். முட்டை மஞ்சள் கருவிலுள்ள பாஸ்விட்டின் என்னும் புரதம், சோயா புரதம் ஆகியவற்றிலிருந்தும் கால்சியத்தைப் பற்றும் துண்டுகள் கிடைக்கின்றன. அவையெல்லாம் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து அளவில் நிற்பவை என்பதால் அவற்றைப் பற்றி விரித்து எழுதவில்லை.

மதுரையின் இரவுக் கடைகளில் கிடைக்கும் ஆட்டுக்கால் சூப் எலும்பை வலுவாக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதன் சுவையையும், நோயில் கிடந்தவருக்கு அது தரும் தெம்பையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எலும்பிலுள்ள கால்சியம் கொதிநீரில் எளிதில் கரைந்து இறங்குவதில்லை. ஒரு கிண்ணம் சூப்பில் சில பத்து மில்லிகிராமுக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. அதில் இறங்குவது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதம். கேசீனிலுள்ள பாஸ்பேட் கொத்துகள் அதில் இல்லை. சூப்பு அருந்துவதால் பாலையோ மாத்திரையையோ நிறுத்திவிடலாம் என்று எண்ணுவது தவறாகும்.

இவை அனைத்துக்கும் மேலாக நிற்பது வைட்டமின் டி. அது போதாத உடல், உணவிலுள்ள கால்சியத்தில் 10 முதல் 15 விழுக்காட்டையே ஏற்கிறது. அது போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 விழுக்காடு வரை ஏற்கும். எந்தப் பெப்டைடும் தரும் என்று காட்டப்பட்டுள்ள உதவியைவிட இது பெரியது. மதுரையில் வெயிலுக்குக் குறைவில்லை என்றாலும், வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் நாளைக் கழிக்கும் பெண்களின் தோலில் அந்த வெயில் படுவதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த வைட்டமின் டி-யை நிறுத்தச் சொல்வதற்கு ஒரு விற்பனைப் பிரதிநிதிக்கு என்ன தகுதி இருக்கிறது?

‘மாத்திரை ஒட்டாது’ என்ற பேச்சுக்கும் விடை சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கால்சியம் மாத்திரைகளில் இருப்பது கால்சியம் கார்பனேட். அது கரைவதற்கு வயிற்றில் அமிலம் சுரந்திருக்க வேண்டும். எனவே உணவோடு அல்லது உணவு முடிந்த உடனே அதை விழுங்க வேண்டும். ஒரே வேளையில் மிகுதியாக உட்கொண்டால் சேரும் பங்கு குறைகிறது என்பதால் 500 மில்லிகிராம் அளவில் பிரித்துக் கொடுக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சேர்வதைக் கால்சியம் தடுக்கிறது. கர்ப்பிணிகளுக்காக 2014-இல் மைய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், நாளுக்கு இருமுறை 500 மில்லிகிராம் கால்சியத்தை உணவோடு கொடுக்க வேண்டும் என்றும், அதை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்றும் தெளிவாகக் கூறுகிறது. அரசு சுகாதார நிலையத்தில் கிடைக்கும் இந்த மாத்திரைகளை வெறும் வயிற்றில் ஒன்றாக விழுங்கிவிட்டு, பயனில்லை என்று நிறுத்தியவர்களை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். ஐந்து நிமிடம் அமர்ந்து சொல்லிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் குறை அது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பெப்டைடு வணிகம் முழுவதையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான கேசீன் பாஸ்போபெப்டைடு பசையைப் பல் மருத்துவர்கள், பல்லின் மேற்பூச்சு கரைந்த இடங்களில் தடவுவதற்குக் கொடுக்கிறார்கள். அங்கே பொருளின் பெயரும் அளவும் பயன்படும் இடமும் வரையறுக்கப்பட்டுள்ளன. பால் புரதம் ஒவ்வாதவர்கள் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அக்காவின் டின்னில் இவற்றுள் ஒன்றும் இல்லை. ‘பெப்டைடு கலவை’ என்று இருக்கிறது; எந்தப் பெப்டைடு, ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம் என்பது இல்லை. துணை உணவுகளுக்கான 2016-ஆம் ஆண்டின் விதிகள் கேட்கும் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்ற வாசகம், டின்னின் பின்புறத்தில் பூதக்கண்ணாடி வேண்டும் அளவுக்குச் சிறிய ஆங்கில எழுத்துகளில் இருக்கிறது. உணவுப் பொருள்களின் மேலுறை விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதே இன்றைய விதி. பிற மொழிகளில் அச்சிடுவது உற்பத்தியாளரின் விருப்பம். விற்கும்போது தமிழில் பேசுபவர்கள் எச்சரிக்கும்போது மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதை இந்த விதி அனுமதிக்கிறது. தமிழ் மட்டுமே படித்த என் அக்கா, தன் கையிலிருந்த டின்னிலேயே எழுதியிருந்ததைப் படிக்க இயலாமல் மருந்தை நிறுத்தினார். தமிழ்நாட்டில் விற்கப்படும் இத்தகைய டின்களில் அந்த ஒரு வரியாவது தமிழில் இருக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் தலையங்கம் எழுத வேண்டுமென வேண்டுகிறேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வயதுவந்தோர்க்கான கால்சியத் தேவையை 600 மில்லிகிராமிலிருந்து 1,000 மில்லிகிராமாக உயர்த்தியது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 என்றது. இந்த எண்களை இனி வரும் விளம்பரங்கள் அச்சமூட்டப் பயன்படுத்தும். தங்கள் மருத்துவப் பக்கம் கால்சியப் பட்டியலை வெளியிடும்போது, எவ்வளவு இருக்கிறது என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எவ்வளவு சேரும் என்ற குறிப்பையும், எதனோடு எப்படிச் சமைத்து உண்ண வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். பெப்டைடு என்ற சொல்லைக் கொண்டு விளம்பரம் தர வருவோரிடம், ஒரு வேளை அளவில் அது எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணை விளம்பரத்திலேயே அச்சிடும்படி கேட்க வேண்டும். நேர்மையான நிறுவனத்துக்கு இதில் தயக்கம் இருக்க முடியாது.

அக்கா இப்போது இரவு உணவுக்குப் பின் கால்சியம் மாத்திரையை விழுங்குகிறார். வைட்டமின் டி-யை மருத்துவர் சொன்ன நாளில் எடுத்துக்கொள்கிறார். பகலில் முளைகட்டிய கேப்பைக் கூழில் மோர் ஊற்றிக் குடிக்கிறார். பாதி தீர்ந்த டின்னை நான் மதுரைக்கு எடுத்து வந்துவிட்டேன். அதில் ஒரு கரண்டிக்கு எத்தனை மில்லிகிராம் பெப்டைடு இருக்கிறது என்று கேட்டு, டின்னில் கண்ட முகவரிக்கு விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பி ஆறு வாரங்கள் ஆகின்றன. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வந்தது, மறுமொழி வரவில்லை. வந்தால் அந்த எண்ணைத் தங்களுக்கு எழுதி அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மதுரை.